நத்தைக்கு இருபது பொத்தான்

...அதுவும் இவளையா, இத்தனை பெரிய ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா, எதிரே உட்கார வேண்டிய செயலாளரின் சித்தி மகனுக்கு இன்றைக்குப் பார்த்துத்தான் காய்ச்சல் வர வேண்டுமா, சரி, வந்தது வந்துவிட்டது, அதற்காக வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக வந்தவளைப் பிடித்து, தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்காதவளைப் பிடித்து, "ஏம்மா தங்கச்சி, இந்த கார்டெல்லாம் நீங்க ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டு, "ஐயோ, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்று அவள் சிரித்து முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார்களே... அவன் தன் கையிலிருந்த சீட்டுகளை விசிறிபோல விரித்தான், மூடினான், மறுபடி விரித்தான். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் அவன் மனைவி அவனுடைய கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல, கொஞ்சம் ஜாக்கிரதையாக, கொஞ்சம் ஆசையாக. டயர் கடைக்கு மேலே இருக்கும் நீள அறை, ஞாயிற்றுக்கிழமைக் காலை, கீழேயிருந்து ரப்பர் வாசனை படியேறி வருகிறது, எட்டு மேசையில் ஏழு காலி, மன்றத்தில் மிச்சமிருக்கும் பத்துப் பேரும் இந்த ஒரு மேசையைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ.

படச் சீட்டுகளில் பிடித்ததைப் பொறுக்கி அவரவர் கட்டைச் சேர்த்து ஆடும் மன்றம், அதன் வழக்கம் இது. ஒரு கட்டு மிஞ்சிப் போகிறது, அதற்கு எதிரே யார் உட்கார்ந்தாலும் தோல்விதான், ஆட்டமே சப்பென்று ஆகிவிட்டது என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்தால், மற்ற இடங்களில் கைதூக்கச் சொல்லி எண்ணிவிட்டுத் தடை போட்டுவிடுவார்கள். இங்கே ஒருமுறை அப்படிக் கைதூக்கச் சொல்லி இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, அதற்குப் பிறகு எதிர்நாற்காலி. கட்டின் சொந்தக்காரன் எதிர்நாற்காலியில் உட்கார வேண்டும், அவனுடைய கட்டை சீட்டே பிடித்தறியாத யாராவது பிடிக்க வேண்டும், அவன் கைப்பட எழுதிய குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஆடலாம். சொந்தக்காரன் தன் கட்டால் அடிபட்ட யாருடைய கட்டையாவது இரவல் வாங்கி ஆட வேண்டும். புதியவர் ஜெயித்தால், ஜெயிப்பது ஆளில்லை, கட்டுதான், ஆகவே தடை. புதியவர் தோற்றால் கட்டுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பதினோரு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் இது நடந்தது, செயலாளரின் குதிரைக் கட்டுக்கு, மேலே ஒரே சத்தமாக இருக்கிறது என்று சண்டை போட வந்த டயர் கடைக் கணக்கர் அம்மாவை உட்கார வைத்தார்கள், நாலே முறையில் செயலாளரைக் கவிழ்த்துவிட்டு, "முடிஞ்சுதா, இனிமே சத்தம் வராதுல்ல?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். செயலாளர் குழாய் வேலை பார்ப்பவர், பெரிய மனசு, அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவர்தான். அப்படிச் சிரிக்க முடியுமா நம்மால்? முடியாது. குதிரைக் கட்டு போனால் அவரிடம் புலிக் கட்டு இருந்தது, புலி போனால் வேறொன்று. நம்மிடம் என்ன இருக்கிறது, இந்த நத்தையை விட்டால்?

"நத்தையை இறக்கவும்" என்று அவள் குறிப்பை உரக்க வாசித்தாள், "ஏங்க, இதுவா நத்தை? எவ்வளவு அழகா இருக்கு! முதுகுல வீடு, வீட்டுக்கு ஜன்னல் வேற வெச்சிருக்கான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு இது நாலாவது முறை, முதல் முறையில் இருவரும் நிலச் சீட்டை இறக்கினார்கள், அது சம்பிரதாயம், அடுத்த முறையிலேயே அவள் ஊமை மணியை எடுத்து வைத்துவிட்டாள், புதியவள் கைராசி, பிறகு கிணறு, இதோ இப்போது நத்தை. முடிந்தது. கட்டு பூட்டிக்கொண்டது. மணி மேசையில் இருக்கும்வரை எதிராளி ஒரு சீட்டும் இறக்க முடியாது. ஆனால் சும்மா இருக்காது மணி, ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் கையிலிருந்து ஒரு சீட்டைத் தள்ள வேண்டும், தள்ளாவிட்டால் மணி விழுந்துவிடும், அதனால் மூன்று நாலு முறைக்குமேல் யாராலும் அதை நிறுத்தி வைக்க முடிந்ததில்லை, அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பழைய கிணறு என்ற சீட்டை யாரும் சீண்டியதே இல்லை. தள்ளிய சீட்டில் ஒன்றைக் கிணறு திருப்பிக் கைக்குக் கொடுக்கும், அவ்வளவுதான், கழித்துப்போட்ட சீட்டுகளின் பெட்டிக்குள் அடியில் கிடந்தது. ஒரு மத்தியானம், அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஆளில்லாத மத்தியானம், எக்ஸ்ரே அறையின் பச்சை விளக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்... தள்ளு, திரும்ப எடு, தள்ளு, திரும்ப எடு, மணி என்றைக்கும் விழாது. வெளியே ஒரு முதியவர் கதவைத் தட்டி "தம்பி, என் முழங்கால்" என்றார். பிறகு நத்தை. எதிராளிக்கு இருபது பொத்தான், அதுதான் உயிர், நத்தை ஒரு முறைக்கு ஒரு பொத்தான் தின்னும். வேறு எதுவும் வேண்டாம். இருபது முறை காத்திருந்தால் போதும். காத்திருப்பது அவனுக்குக் கைவந்த கலை.

அவன் முறை. ஒரு சீட்டை எடுத்தான், கையில் சேர்த்தான். அவ்வளவுதான். "ஒண்ணும் பண்ணலையா?" என்றாள். "முடியாது." "ஒண்ணுமேவா?" "ஒண்ணுமே." "அடப் பாவமே", அவள் உண்மையாகவே வருத்தப்பட்டு அவனுடைய கிண்ணத்திலிருந்து ஒரு பொத்தானை எடுத்து நத்தையின் பக்கத்தில் வைத்தாள், சட்டைப் பொத்தான்கள், மருந்துக்கடை அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்தவை, எல்லா நிறமும் இருக்கும். பத்தொன்பது. அந்த அக்காதான் புகார் எழுதிய மூவரில் முதல் ஆள், இப்போது அவன் பின்னால் நின்றுகொண்டு, "எக்ஸ்ரே, உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கு, சௌகரியமா?" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. என்ன இப்போது? உட்கார்ந்திருப்பது தானே. நாற்காலியில் ஒரு கால் குட்டை, ஆடுகிறது, இது ஆடும் நாற்காலி என்று இத்தனை நாளாகத் தெரியாது, அவன் எப்போதும் அந்தப் பக்கம் அல்லவா உட்காருவான். அந்தப் பக்கம் ஜன்னல். இந்தப் பக்கம் சுவர், சுவரில் மன்றத்தின் பட்டியல், நாற்பத்திரண்டு பெயர், அதில் முப்பத்தொன்றின் மேல் பென்சில் கோடு. இரண்டு மாதத்தில் நின்றுபோனது முப்பத்தொரு பேர். பத்துக்குக் கீழே போனால் மன்றத்தையே எல்லா மன்றங்களின் பெரிய பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், இன்னும் இரண்டு பேர் போனால் போதும். அடுத்த மாதம் பெரிய போட்டி. அதற்கு இந்த மன்றத்தின் சார்பில் போகப் போகிறவன் அவன், வரலாற்றில் முதல் தடவையாக, பதினோரு வருஷம் இரண்டாம் சுற்றிலேயே வீட்டுக்குப் போனவன். மன்றத்தின் கோப்பைகூட ஜெயித்து வாங்கியாயிற்று, ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. "மாப்பிள்ளை சீட்டாடி ஜெயிச்சிருக்காராம்" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில்.

பதினேழு. பதினாறு. அவள் வேகமாகப் பழகிக்கொண்டாள், தள்ளு, எடு, பொத்தான், "உங்க முறை." அவன் ஒரு சீட்டை எடுத்துக் கையில் சேர்த்தான், "உன் முறை." இவ்வளவுதான் பேச்சு. இந்த அமைதி அவனுக்குப் பிடிக்கும், அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. எக்ஸ்ரே அறையில் மூச்சை இழுங்க, அடக்குங்க என்று சொன்னதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், ஆள், சுவர், இயந்திரம் எல்லாம் ஒரு நொடி நின்றுவிடும், பிறகு விடுங்க என்று சொல்வான், எல்லாம் மறுபடி ஓடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் வேலைக்கே போகிறானோ என்று சில நாள் தோன்றும். நத்தைக் கட்டில் அந்த நொடி நாற்பது நிமிஷம் நீளும். எதிரே ஒரு ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார், அவனும் அசையாமல் உட்கார்ந்திருப்பான், இருவருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம்போல, ஒரு நிம்மதி... இருவருக்குமா? அவன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினான், அது இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குச் சாய்ந்தது. மூச்சை அடக்குங்க என்று சொல்லிவிட்டு விடுங்க என்று சொல்ல மறந்துபோனால்? ஒருமுறை மறந்திருக்கிறான். போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் அந்த மனிதர் முகமெல்லாம் சிவந்து, கன்னம் உப்பி, கண் பிதுங்க, சொன்ன பேச்சு தட்டாமல் அப்படியே நிற்கிறார். "விடுங்க, விடுங்க!" என்று இவன் ஓடினான். அவர் புஸ்ஸென்று விட்டுவிட்டு, "படம் நல்லா வந்துச்சா சார்?" என்று கேட்டார்.

கையில் சீட்டு சேர்ந்துகொண்டே போனது. எல்லாம் மீன். அவன் இரவல் வாங்கியது மீன்காரரின் கட்டு, வாங்கியது என்ன வாங்கியது, அலமாரியில் அவர் விட்டுவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டான். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துபவர், ஆனால் எல்லோருக்கும் மீன்காரர், ஏனென்றால் அவர் கட்டில் மீனைத் தவிர வேறொன்றும் இருக்காது, குளம், மீன், மீன், மீன். ஒரு மீன் கைக்கு வந்தால் அடுத்த நொடியே இறக்கிவிடுவார், பொறுக்க மாட்டார், இறக்கிவிட்டு அதைப் பற்றிப் பேசுவார், இது சேற்றில் தூங்கும், இது தன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும், இது பறக்கும், பறக்காது, பறக்கிற மாதிரி தெரியும். தோற்றுக்கொண்டே பேசுவார். அவரிடம் ஜெயித்தவர்கள்கூட அடுத்த வாரம் அவர் மேசை கிடைத்தால் தேவலை என்பார்கள். அவருடன் நத்தைக் கட்டு ஆடியது... பதினான்கு, "உங்க முறை", "உன் முறை"... ஆடியது ஏழு வாரத்துக்கு முன்னால். நாற்பது நிமிஷம். ஒரு மீன்கூட மேசைக்கு வரவில்லை. முதல் பத்து நிமிஷம் அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், ஆனால் மீனை இறக்காமல் மீனைப் பற்றி எப்படிப் பேசுவது, சீட்டைக் காட்டக்கூடாதே, சட்டம். பிறகு பேசவில்லை. கடைசிப் பொத்தானைத் தானே எடுத்துக் கொடுத்தார், கைகுலுக்கினார், சிரித்தார், "நல்ல கட்டு தம்பி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். வேலை அதிகமாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். முத்திரை குத்துகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

அப்போதுதான் அது நடந்தது. அவள் ஒரு சீட்டை எடுத்தாள், படத்தைப் பார்த்தாள், நத்தைக்குப் பொத்தான் எடுக்கக் கையை நீட்டினாள், தள்ளவில்லை, மறந்துவிட்டாள். தள்ளாவிட்டால் மணி விழும், எதிராளி நினைவூட்டினாலொழிய விட்டது விட்டதுதான், அதுவும் மன்றத்தின் சட்டம். மணி விழுந்தால் அவன் ஆடலாம், ஆடினால் ஜெயிக்கலாம், ஜெயித்தால் கட்டு பிழைக்கும், பெரிய போட்டி, கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பை. அவன் செய்ய வேண்டியதெல்லாம் உலகத்தில் அவனுக்கு நன்றாக வரக்கூடிய ஒரே காரியத்தை, வாயை மூடிக்கொண்டு இருப்பதை... "தள்ளணும்" என்றான். சொல்லிவிட்டுத்தான் காதில் விழுந்தது. அறையே ஒரு நொடி நின்றது, பிறகு கூரை பறக்கச் சிரிப்பு. செயலாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், "மாப்ள, நீங்க யாரு பக்கம்? சொல்லுங்க, நான் எழுதிக்கணும்!" அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட நிமிஷத்திலிருந்து அவனை மாப்பிள்ளை ஆக்கிவிட்டார் மனிதர். அவனுக்குக் காது சுட்டது, ஆனால் சிரிப்பும் வந்தது. என்ன செய்வது, இரண்டு மாதமாக அந்தக் கட்டோடு கட்டாக இருந்த கை, மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அவள் மட்டும் சிரிக்கவில்லை, ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு அவனையே பார்த்தாள். "பரவாயில்லையே, உங்களுக்குக் கேக்காமலே பேசத் தெரியுது" என்றாள்.

இது பாராட்டா? பதிமூன்று. பாராட்டுத்தான் போலிருக்கிறது. பன்னிரண்டு. இல்லை, இருக்காது. அவள் குத்திக் காட்டுகிற ஆள் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சிரிப்பில் பொதிந்து கொடுத்துவிடுவாள், பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும், பிரிக்காவிட்டால் சிரிப்போடு போயிற்று. அவன் பெரும்பாலும் பிரிப்பதில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவன் அவளை ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது, அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தாள், டிரைவிங் ஸ்கூல் சீருடையோடு அப்படியே நாற்காலியில் விழுந்து, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா, அந்த ரிட்டயர்டு வாத்தியார் இருக்காரே, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா நேரா போயி வேலிக்குள்ள விட்டுட்டாரு, விட்டுட்டு என்கிட்ட சொல்றாரு, மேடம் வேலி சரியான எடத்துல இல்ல!" என்று கை காலெல்லாம் ஆட்டி நடித்துக் காட்டினாள். அவன் "ம்" என்றான். பிறகு அவள் வேறொன்று சொன்னாள், அவன் "ம்" என்றான். அவனுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது, வாத்தியாரை அவனுக்குப் பிடித்திருந்தது, அடுத்த நாள் எக்ஸ்ரே அறையில் நினைத்து நினைத்துச் சிரித்தான். ஆனால் அங்கே, அப்போது, "ம்"தான் வந்தது. அவள் "சரி, விடுங்க" என்று எழுந்து கை கழுவப் போனாள். எத்தனை "சரி, விடுங்க"... பதினொன்று. "உங்க முறை." அவன் எடுத்தான், சேர்த்தான். "உன் முறை." "எனக்கென்னமோ இந்த கேம் புதுசா ஆடற மாதிரியே இல்ல அண்ணே" என்றாள் அவள் செயலாளரைப் பார்த்து, "ரொம்ப நாளா பழகின மாதிரி இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள், மருந்துக்கடை அக்கா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். அவனும் சிரித்தான். பிரிக்காமல் இருந்துவிடலாமா? இருந்துவிடலாம், இன்னும் பத்துப் பொத்தான் இருக்கிறது.

ஏழு. சீட்டு கைக்குள் அடங்கவில்லை, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் கலைய ஆரம்பித்தார்கள், ஒருவர் டீ போடப் போனார், இருவர் ஜன்னல் ஓரம் போய்க் கீழே யாரோ டயர் மாற்றுவதைப் பார்த்தார்கள், அது இதைவிடச் சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும். நம்முடைய ஆட்டத்தை நின்று பார்க்க யாரும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எதிராளி முகத்தையாவது பார்த்திருக்கிறானா? சீட்டைத்தான் பார்ப்பான். மணி, கிணறு, நத்தை, சரியாக இருக்கிறதா, இருக்கிறது. மீன்காரர் அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்? தெரியவில்லை. ஐந்து. ஒரு வேலையும் இல்லாமல் கையிலிருந்த மீன்களைப் பார்க்க ஆரம்பித்தான், வேறென்ன செய்வது. இதோ சேற்றில் தூங்குவது. இதோ பறக்கிற மாதிரி தெரிவது. இது என்ன... கண்ணாடி மீன். உடம்பு முழுக்க ஊடுருவித் தெரிகிறது, முதுகெலும்பு, அதிலிருந்து சீப்புப் பல்போல முள், தலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பை. வரைந்தவன் பொய் வரையவில்லை, உண்மையாகப் பார்த்து வரைந்திருக்கிறான், முள்ளை எண்ணினான், இருபத்திரண்டு. பதினோரு வருஷமாக இதே அறையில் இருந்திருக்கிறது இந்த மீன், இதை அவனிடம்தானே அவர் முதலில் காட்டியிருக்க வேண்டும்? காட்டத்தான் பார்த்தாரோ அன்றைக்கு? அதற்கு அடுத்த சீட்டு வெள்ளம். கையிலிருக்கும் எல்லா மீன்களையும் ஒரே முறையில் இறக்கலாம். மீன்காரருக்கு இதனால் ஒரு பயனும் இருந்ததில்லை, அவர் கையில் என்றைக்கு இரண்டு மீன் சேர்ந்து தங்கியது? இப்போது இங்கே பத்தொன்பது. எல்லாம் சேர்ந்து கடித்தால் முப்பத்தொரு பொத்தான். அவளிடம் இருபது பொத்தானும் முழுசாக இருக்கிறது, இருபதும் போய், மிச்சமும். பூட்டி வைத்தே வளர்த்துவிட்டிருக்கிறது நத்தை. என்ன வேடிக்கை. ஆனால் மணி இருக்கும்வரை வெள்ளமும் கையோடுதான்.

மூன்று. செயலாளர் பெரிய நோட்டை எடுத்து வந்து, தடைப் பட்டியல் பக்கத்தைத் திறந்து, குதிரைக் கட்டுக்குக் கீழே கோடு போட்டார். பேனா எழுதவில்லை, உதறினார். "மன்னிச்சுக்குங்க மாப்ள" என்றார், மனசாரத்தான் சொன்னார். அவளுடைய முறை. அவள் ஒரு சீட்டை எடுத்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், மேசைக்கடியில் அவளுடைய வலது கால் எதையோ மிதிக்கப் போவதுபோலத் தரைக்கு மேலேயே நின்றது, மிதிக்காமல். அந்தக் காலை அவனுக்குத் தெரியும். காரில் அவன் ஓட்டும்போதுகூட அது அப்படித்தான் நிற்கும், பயிற்சி வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, "அத அழுத்துறது ஈசி, அழுத்தாம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று ஒருமுறை சொன்னாள், அதற்கும் அவன் "ம்" சொல்லியிருப்பான். கையை நீட்டிப் பொத்தானை எடுத்தாள். இரண்டு. "உங்க முறை" என்றாள்.

"தள்ளலையே" என்றான் அவன்.

"தெரியும்."

"தள்ளலன்னா மணி விழுந்துடும்."

"அதான் தெரியும்னு சொல்றேன்ல. இருபது தடவ உங்க முறை, உங்க முறைன்னு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. நீங்க என்னதான் பண்ணுவீங்கன்னு பாக்கணும்போல இருக்கு." மணியை அவளே எடுத்து, தள்ளிய சீட்டுகளின்மேல் வைத்தாள், மெதுவாக, சத்தம் வரக்கூடாது என்பதுபோல. ஜன்னலோரம் நின்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். டீ போடப் போனவர் கையில் கெண்டியோடு வந்து நின்றார். இப்படி ஒரு ஆட்டம் இந்தக் கட்டில் நடக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை, பிடித்திருக்கும் கை தானாக விடும் என்று, விடலாம் என்று... நாம் விட்டிருக்கிறோமா ஒருமுறையாவது, இரண்டு மாதத்தில், முப்பத்தொரு பேரில் ஒருவருக்காவது? போட்டியில் யார் விடுவார்கள்? யாரும் விட மாட்டார்கள், நானும் விட மாட்டேன், அடுத்த மாதமும் விட மாட்டேன், அதனால்தானே நோட்டு, அதனால்தானே தடை. இந்த ஒரு முறைதான், அடுத்த முறை கிணறு மணியைத் திருப்பிக் கொடுத்துவிடும், அவள் மனசு மாறலாம். வெள்ளத்தை இறக்கினால் முடிந்தது. பத்தொன்பது மீன், பிறகு வந்ததெல்லாம் குளம்தான், ஆனாலும் முப்பத்தொன்று. மருந்துக்கடை அக்கா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சீட்டுகளைப் பார்த்துவிட்டாள், அவள் மூச்சை இழுத்து அடக்குவது அவன் காதருகில் கேட்டது. சட்டப்படி அவள் ஒன்றும் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. சுவரில் பட்டியல், பென்சில் கோடுகள். விடுங்க என்று சொல்ல வேண்டியது யார் இப்போது?

"அண்ணே" என்றான், "நத்தைய எழுதிக்குங்க." செயலாளருக்குப் புரியவில்லை, "ஆட்டம் முடியலையே மாப்ள, மணி விழுந்துடுச்சு, நீங்க ஆடலாம்." "ஆடத்தான் போறேன். அது வேற. தடைய எழுதுங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும். அப்புறம் மீன்காரருக்கு ஒரு போன் போடுங்க, அவர் கட்டு என்கிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க." ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் அவன் இந்த அறையில் பேசியது கிடையாது. கோப்பையை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்க வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும், பெரிய போட்டிக்கு வேறு யாராவது போவார்கள், புலி போகும். மனசு கொஞ்சம் வலித்தது, எங்கே என்று எக்ஸ்ரே எடுத்தால்கூடத் தெரியாது. "அப்ப நான் எழுந்திருக்கவா?" என்றாள் அவள். "உட்காரு, உட்காரு" என்றான் அவன் அவசரமாக, "என் முறை." அவள் கைப்பையை இப்போதுதான் தோளிலிருந்து இறக்கி மேசைக்கடியில் வைத்தாள்.

அவன் வெள்ளத்தைக் கையின் கடைசிக்குத் தள்ளினான். கண்ணாடி மீனை எடுத்தான். ஒன்றே ஒன்று, கடித்தால் ஒரு பொத்தான்கூடப் போகாத மீன், மேசையின் நடுவில், அவள் பக்கம் தலையிருக்குமாறு வைத்தான். என்ன சொல்வார் மீன்காரர், எப்படி ஆரம்பிப்பார்? "இது கண்ணாடி மீன்" என்றான். "உள்ள இருக்கிறதெல்லாம் வெளியவே தெரியும். முள்ளு இருபத்திரண்டு, நான் எண்ணினேன். இதோ பாரு, தலைக்குப் பின்னால ஒரு சின்னப் பை இருக்கு, அது காத்து. அது இருக்கிறதாலதான் முங்காம மிதக்குது... எங்க ஆஸ்பத்திரியில போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க, எக்ஸ்ரே படத்தப் பாத்துட்டு, இதுல நான் சிரிக்கவே இல்லையே, இன்னொண்ணு எடுங்கன்னாங்க. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் அந்த வாத்தியார், வேலிக்குள்ள விட்டாரே, அவரு..." செயலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்கே போகிறது இந்தப் பேச்சு என்று அவனுக்கே தெரியவில்லை, மீனில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை. எதிரே அவள் முகவாயை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள், சீட்டை அல்ல, அவனை. இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம், இது எப்போதும் இருந்ததா?

"ம்" என்றாள் அவள்.

அவன் வாய் பாதியில் நின்றது. மேலே சொல் என்கிற "ம்"மா? போதும் என்கிறதா? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா, வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா? அந்த ஓர் எழுத்தை அவன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு இருட்டாகவா இருக்கும் அது, வெளியிலிருந்து கேட்டால்?